சுழி போட்ட கை

அத்தியாயம் 4

கலம் செவ்வாய்க்கும் பூமிக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது. அதைத் தேடிப் பிடிக்க வேண்டிய மதன்குமார் ஆக்லாந்தின் ஏவன்டேலில், ரயில் போனால் ஜன்னல் அதிரும் ஒரு வாடகை வீட்டில், மடக்கு நாற்காலியில் முட்டியை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திரையில் அந்தப் பாழாய்ப்போன லோடிங் பட்டை ஊர்ந்தது. பாதி வந்தது. முக்கால் வந்தது. இந்தத் தடவை திறந்துவிடும் போலிருக்கிறதே என்று அவன் நிமிர்ந்த நேரம் பார்த்து எல்லாம் மறைந்து, வெறும் டெஸ்க்டாப் வந்து நின்றது. காலையிலிருந்து இதே கூத்துதான்.

"என் கல்யாணப் பேச்சும் இப்படித்தான் அக்கா. முக்கால்வாசி வரைக்கும் ஜோரா வரும்."

பிரசாந்தி சிரிக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து பொட்டுக்கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். த்ரீ கிங்ஸில் ஒரு சலூனுக்கு மேலே ஒற்றை அறையில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் பிரசாந்திக்குக் கம்ப்யூட்டரில் ஈமெயிலைத் தாண்டி ஒன்றும் தெரியாது, ஆனால் மனுஷர்களை நன்றாகத் தெரியும். அவளுடைய உதவியாளன் மதன்குமார் அப்படியே நேர் எதிர். அதனால்தான் இந்த ஜோடி இன்னும் அடித்துக்கொள்ளாமல் ஓடுகிறது.

சுவரோரம் நின்றவள் கல்யாணி. முதியோர் இல்லத்தில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்து வந்த சீருடையைக்கூட மாற்றவில்லை.

"சரியாயிடுமா தம்பி?" என்று கேட்டாள். இதே கேள்வியை அவள் எத்தனையாவது முறை கேட்கிறாளோ, பாவம்.

"ஆயிடும்ங்க," என்றான் மதன்குமார். அவனுக்கே நம்பிக்கை இல்லை.

விஷயம் இதுதான். கல்யாணியின் கணவன் அரவிந்துக்கு ஒரு விண்வெளி விளையாட்டு உயிர். ராக்கெட்டை நாமே கட்டி, நாமே ஏவி, நாமே ஓட்ட வேண்டும். அசல் விளையாட்டு போதாதென்று ஊர் உலகத்தில் எவனெவனோ செய்துவைத்த உபரிகளையெல்லாம் இறக்கி அதில் ஒட்டியிருந்தான். அந்த உபரிகளுக்குத்தான் மாட் என்று பேர். இன்ஜினுக்கு ஒரு மாட், கிரகங்களுக்கு ஒரு மாட், கலத்தில் இருப்பவர்கள் மூச்சு விடக் காற்றும் குடிக்கத் தண்ணீரும் தீர்ந்துபோக ஒரு மாட். அதையெல்லாம் விட விசேஷம், அரவிந்த் தன் குரலிலேயே ஒன்று செய்திருந்தான். எண்களையும் சொற்களையும் தனித்தனியாகப் பேசிப் பதிந்து வைத்திருந்தான். கலத்தின் அன்றைய நிலைமைக்குத் தக்கபடி விளையாட்டு அவற்றைக் கோத்துப் பேசும். பூமிக்கு இன்னும் இவ்வளவு தூரம். தண்ணி இருக்கு. காத்து இருக்கு. எல்லாரும் நலம்.

வைத்தியம் நடந்துகொண்டிருந்த மாதங்களில் அவன் கட்டிய கடைசிக் கலம் அது. அதில் மூன்று பேர்: அரவிந்த், கல்யாணி, மகள் ஸ்ருதி. கலம் செவ்வாயைச் சுற்றிவிட்டுப் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்போது அரவிந்த் போய்விட்டான்.

"அந்த ஆடியோவை மட்டும் உருவி உங்க போன்ல போட்டுக் குடுத்துடட்டுமா?" என்று காலையிலேயே மதன்குமார் கேட்டிருந்தான்.

"போன்ல அவர் வாய்ஸ் மெசேஜ் எவ்வளவோ இருக்கு தம்பி. அதெல்லாம் அன்னைக்குப் பேசினது. இது இன்னைக்குப் பேசறது. நேத்து சொன்னதை இன்னைக்குச் சொல்ல மாட்டார்." கல்யாணி அப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வேலை விட்டு வந்ததும் ஒரு தடவை போடுவேன். அந்த ஃபாஸ்ட் அம்புக்குறியை அமுக்கினா இன்னும் ரெண்டு வாட்டி பேசுவார். கோடி, லட்சம்னு என்னென்னவோ சொல்லுவார். எனக்கு எதுக்கு அந்தக் கணக்கு? குரல் கேட்டா போதும்."

போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தக் குரல் வரவில்லை. விளையாட்டே திறக்கவில்லை. அன்று வீட்டுக்கு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவன் அரவிந்தின் விளையாட்டுக் கூட்டாளி ஆஷிஷ். குரல் மாடை நகல் எடுத்துக்கொள்கிறேன் என்று வெகுநேரம் கம்ப்யூட்டரில் இருந்தான். இன்னொருவன் அரவிந்தின் தம்பி கௌசிகன். பாபகூராவிலிருந்து வந்தவன், 'அண்ணி, இதை மூடி வைங்க, இது நல்லதுக்கில்ல' என்று சத்தம் போட்டுவிட்டுப் போனான். இருவரில் ஒருவன்தான் வேண்டுமென்றே கெடுத்திருக்கிறான் என்பது கல்யாணியின் கட்சி. யார் என்று தெரிந்தாக வேண்டும். அதைவிட முக்கியம், குரல் திரும்பி வர வேண்டும்.

"விளையாட்டு நின்னுபோனா ஏதோ குறிப்பு எழுதி வைக்கும்னியே, அந்த லாக் என்ன சொல்லுது?" என்றாள் பிரசாந்தி.

"எல்லா மாட் பேரையும் எழுதி, எல்லாரும் குத்தவாளின்னு சொல்லுது."

"கடைசியா எந்த ஃபைலைத் தொட்டிருக்காங்க?"

"அதைப் பார்க்காம இருப்பேனா? மாட்களை மேய்க்கறதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி அது எல்லாத்தையும் தானே அப்டேட் பண்ணித் தொலைச்சிருக்கு. எல்லா ஃபைலுக்கும் ஒரே தேதி. பாதி மாட் அரவிந்த் கையால மாத்தினது, புதுசா இறக்கவும் வழியில்ல." மதன்குமார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "பாதியை வெளியே எடுத்து, மிச்சத்தை ஓட்டிப் பாக்கறதுதான் வழக்கம். ஆனா ஒண்ணை எடுத்தா, அதை நம்பி இருக்கற நாலு மாட் படுத்துக்குது. எது நிஜமா செத்தது, எது துக்கத்துல படுத்ததுன்னு தெரியல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். கல்யாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் உள்ளறையிலிருந்து ஸ்ருதி எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண். காலையில் இவர்கள் வந்ததும் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்றில் வைஃபை பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்து, "ஹியர் யூ கோ, அங்கிள்" என்று சொல்லிவிட்டு மறைந்தவள். அங்கிள் என்றது மதன்குமாருக்கு இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் அந்தத் தாளைத் தன் லேப்டாப் மூலையில் ஒட்டி வைத்திருந்தான்.

"எனி லக்?" என்றாள் ஸ்ருதி.

"நோ லக், ஆன்ட்டி," என்றான் மதன்குமார் பழிக்குப் பழியாக. அவள் சிரிக்காமல் போய்விட்டாள்.

பிரசாந்தி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். "மதன், தனித்தனி ஆளா விசாரிக்காதே. குடும்பம் குடும்பமா விசாரி. எது எதை நம்பி இருக்கோ அதையெல்லாம் ஒரே வீட்ல வை. வீட்டோட வெளியே அனுப்பு, வீட்டோட உள்ளே கூப்பிடு."

மதன்குமார் இது தனக்கு ஏன் தோன்றவில்லை என்ற எரிச்சலோடு வேலையில் இறங்கினான்.

பட்டை ஊர்ந்துகொண்டிருந்த நேரத்தில் பிரசாந்தி ஆஷிஷைப் போனில் பிடித்தாள். கார் டிங்கரிங் பட்டறையில் இருந்தான், பின்னால் சுத்தியல் சத்தம். ஃபிஜிக்காரன். அவன் பாட்டனுக்குப் பாட்டன் வட ஆற்காட்டிலிருந்து கரும்பு வெட்டக் கப்பல் ஏறியவர். தமிழில் அவனுக்கு மிஞ்சியிருந்தது அம்மா, ரசம் என்கிற இரண்டு சொற்கள்தான். ஆங்கிலத்தில்தான் பேசினான். தான் நகல் எடுத்ததைத் தவிர எதையும் தொடவில்லை என்று சத்தியம் செய்தான்.

"அரவிந்தோட உங்களுக்குச் சண்டையாமே?" என்று பிரசாந்தியும் ஆங்கிலத்திலேயே கேட்டாள்.

சண்டை உண்டுதான் என்றான். அந்தக் கடைசிக் கலத்தைப் பற்றித்தான் சண்டை. ஆபத்து என்றால் கழன்று வீட்டுக்கு ஓடிவர, கலத்தின் மூக்கில் ஒரு குட்டிக் கலம் வைத்திருந்தானாம் அரவிந்த். பெரிய கலத்தில் மூன்று பேர், குட்டிக் கலத்தில் இரண்டு சீட். இது என்ன மடத்தனம், ஒரு சீட் குறைகிறதே என்று அவர்களுடைய விளையாட்டுக் குழுவில் எல்லோரும் கிண்டல் செய்தார்களாம். அரவிந்த் கோபப்பட்டானாம். 'கணக்கு சரியாத்தான் இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனவன் அப்புறம் குழுப் பக்கமே வரவில்லையாம். அத்தோடு ஆஷிஷ் போனை வைத்தான்.

"ஸ்டெப்னி இல்லாத கார் மாதிரி," என்றான் மதன்குமார். பிரசாந்தி கடலையை மென்றாள்.

இன்ஜின் குடும்பம் வெளியே போனது. டெஸ்க்டாப். கிரகங்கள் குடும்பம் வெளியே போனது. டெஸ்க்டாப். காற்றும் தண்ணீரும் சேர்ந்த குடும்பம், அதை நம்பியிருந்த குரலோடு வெளியே போனது. பட்டை முக்காலைத் தாண்டியது. மதன்குமார் எழுந்தே நின்றுவிட்டான். பட்டை முழுசாக நிரம்பி, நட்சத்திரங்கள் விரிந்து, விளையாட்டு திறந்தது.

"வந்துடுச்சா?" கல்யாணி ஓடிவந்து திரைக்கு முன்னால் குனிந்தாள். காத்திருந்தாள். பின்னணி இசை மட்டும் ஓடியது. "ஏன் தம்பி பேச மாட்டேங்கறார்?"

"குரலை வெளியே எடுத்து வெச்சிருக்கேங்க. அந்தக் குடும்பத்துலதான் கோளாறு. அதுதான் இப்பத் தெரிஞ்சது."

அவள் பழைய இடத்துக்கே போய் நின்றாள்.

மதன்குமார் அந்தக் குடும்பத்தின் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். காற்றுக்கான அமைப்பு ஃபைலைத் திறந்தவன், "அக்கா!" என்று கத்தினான். ஆங்கில எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டிய அந்த ஃபைலில், முதல் வரியில், தன்னந்தனியாக ஒரு தமிழ் எழுத்து உட்கார்ந்திருந்தது.

உ

"பிள்ளையார் சுழி!" என்றாள் பிரசாந்தி.

"அதேதான். விளையாட்டுக்கு இது என்னன்னு தெரியல. மிரண்டுபோய் படுத்துடுச்சு. விக்னம் தீர்க்கற சாமியே விக்னமாப் போச்சு."

கல்யாணிக்கு முகம் சிவந்தது. "கௌசிகன்! அவன்தான் மேடம், வேற யாரு? எங்க வீட்டுக்காரருக்குச் சாமியே கிடையாது, பரீட்சைல கூடச் சுழி போட்டதில்லன்னு பெருமையா சொல்லுவார். இவன் கறிகாய்ச் சீட்டுல கூடச் சுழி போடுவான்." போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "ஏம்ப்பா, உங்கண்ணன் குரலைக் கூட என்கிட்ட விட்டு வைக்க மாட்டியா?"

"அண்ணி, என்ன சொல்றீங்க?" எதிர்முனையில் கௌசிகன் பதறினான். "நான் தொடவே இல்ல. எனக்கு அந்தப் பெட்டியோட ப்ளக்கைப் பிடுங்கத்தான் தெரியும். உள்ளே என்ன எழுதறதுன்னு எனக்கென்ன தெரியும்?"

"இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே." கல்யாணி போனைத் துண்டித்தாள். ஆக்லாந்தில் அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் அவன்தான். அதுவும் போயிற்று என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. "காபி போடறேன்," என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

"கேஸ் முடிஞ்சது," என்றான் மதன்குமார். ஜெயித்த மாதிரியே இல்லை.

"முடியல. இந்தக் கம்ப்யூட்டர்ல தமிழ் கீபோர்டு இருக்கா?"

பார்த்தான். இல்லை.

"கௌசிகன் தமிழ்ல டைப் பண்றவர்தானே?"

"கல்யாணி காட்டின மெசேஜெல்லாம் தமிழ்தான். பக்கம் பக்கமா."

"அவரா இருந்தா ஒரு கீபோர்டு போட்டிருப்பார். இது எங்கிருந்தோ எடுத்து ஒட்டின எழுத்து. தமிழ் எழுத வராத ஆள், ஆனா சுழி போடாம எதையும் ஆரம்பிக்காத ஆள்." பிரசாந்தி திரையை விரலால் தட்டினாள். "சுழியோட நிக்கலையே? கீழே வேற ஏதாச்சும் மாத்தியிருக்காங்களா பாரு."

மதன்குமார் கீழே போனான். கலத்தின் காற்றுத் தொட்டி எவ்வளவு கொள்ளும் என்கிற வரி. அந்த எண்ணின் வாலில் பூஜ்யமாகப் பூஜ்யம். வரி திரையின் ஓரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"காத்தைக் கூட்டியிருக்காங்க அக்கா! கெடுக்க வந்தவன் எதுக்குக் காத்தைக் கூட்டறான்?"

"கெடுக்க வந்த ஆள் இல்லப்பா. காப்பாத்த வந்த ஆள்." பிரசாந்தி அவன் லேப்டாப் மூலையிலிருந்து மஞ்சள் ஒட்டுத்தாளைப் பிய்த்து அவன் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். "இது என்ன?"

வைஃபை பாஸ்வேர்டு. அதற்கு மேலே, நடுவில், குட்டியாக ஒரு கிறுக்கல். பேனா எழுதுகிறதா என்று பார்த்திருப்பாள் என்று நினைத்துக் காலையிலிருந்து அதை எதிரிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் மதன்குமார். கிறுக்கல் இல்லை. அழகான, சின்னச் சுழி.

"ஸ்ருதி," என்று கூப்பிட்டாள் பிரசாந்தி. "கொஞ்சம் வாம்மா."

ஸ்ருதி வந்தாள். திரையில் திறந்திருந்த ஃபைலைப் பார்த்தாள். பிரசாந்தி கையிலிருந்த மஞ்சள் தாளையும் பார்த்தாள். அவ்வளவுதான், முகம் உடைந்துவிட்டது.

"ஐ டிட்ன்ட் மீன் டு," என்று ஆரம்பித்து, ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். சித்தப்பா சொல்லிக்கொடுத்த ஒரே தமிழ் எழுத்து அது. முக்கியமான எதை எழுதினாலும் மேலே அது இருக்க வேண்டும் என்றார். இதைவிட முக்கியமான எதையும் அவள் எழுதியதில்லை. அதனால் தேடி எடுத்து ஒட்டினாள். அது விளையாட்டைக் கொல்லும் என்று தெரியாது. அப்பாவைத் தானே இரண்டாவது தடவை கொன்றுவிட்டோம் என்று அன்றிலிருந்து தூக்கமில்லை.

"காத்தை ஏன்மா கூட்டின?" என்றாள் பிரசாந்தி மெதுவாக.

ஸ்ருதி சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். திரும்பி வரும் வழியில் ஓரிடத்தில் இன்ஜினைப் பற்றவைத்துக் கலத்தைப் பூமிப் பக்கம் திருப்ப வேண்டும். அப்பா இருந்திருந்தால் செய்திருப்பார். அம்மாவுக்கு அது தெரியாது. அம்மா குரல் கேட்பதற்காக, விளையாட்டில் நாட்களை வேகமாக ஓட்டும் அந்த அம்புக்குறியை அமுக்கி அமுக்கி, கலம் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. இப்போது பூமியை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. காற்று தீரப் போகிறது. "ப்ளீஸ், ஆன்ட்டி. டோன்ட் டெல் அம்மா."

சமையலறை வாசலில் காபித் தட்டோடு கல்யாணி நின்றிருந்தாள்.

"நான்தானா?" என்றாள்.

பிரசாந்தி எழுந்து தட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

"போடுங்க தம்பி," என்றாள் கல்யாணி. "அவர் வாயாலயே கேக்கறேன்."

மதன்குமார் சுழியை அழித்தான். பூஜ்யங்களை எடுத்தான், அவற்றால் பயனில்லை. ஏற்கனவே பறந்துகொண்டிருக்கும் கலத்தில் அன்று நிரப்பிய காற்றுதான் காற்று, தொட்டியைக் காகிதத்தில் பெரிதாக்கினால் நிரம்பிவிடுமா? பட்டை முழுசாக ஓடியது. இருட்டில் ஒரு வெள்ளைக் கலம் தெரிந்தது. அறைக்குள் அரவிந்த் பேசினான்.

"பூமிக்குத் தூரம் கூடிக்கிட்டே போகுது. தண்ணி இருக்கு. காத்து குறையுது. எல்லாரும் நலம்."

கல்யாணி வாயைப் பொத்திக்கொண்டாள். காத்து குறையுது என்று அவன் சொல்லி அவள் இதுவரை கேட்டதில்லை.

"அந்தக் காத்து மாடையே எடுத்துட்டா?" என்றாள் பிரசாந்தி.

"குரல் அதை நம்பித்தான் இருக்கு. அதுவும் போயிடும். கலத்தைத் திருப்பறதுக்கும் எரிபொருள் பத்தாது." மதன்குமார் கைகளை விரித்தான். "அவர் பேசணும்னா காத்து செலவாகணும் அக்கா. எனக்கு வேற வழி தெரியல."

வெளியே ரயில் போய் ஜன்னல் அதிர்ந்து அடங்கியது.

"ஸ்ருதி," என்றாள் பிரசாந்தி. "மூக்குல இருக்கே, அந்தக் குட்டிக் கலம். அது பூமி வரைக்கும் போகுமா?"

ஸ்ருதி தலையைக் குனிந்துகொண்டாள். "போகும்," என்றாள். அம்மா என்பதைத் தவிர, காலையிலிருந்து அவள் பேசிய முதல் தமிழ்ச் சொல். "ஆனா ரெண்டு சீட்தான். அப்பா தனியா..."

"இதைக் கட்டும்போது உங்கப்பாவுக்குத் தன் உடம்பைப் பத்தி எல்லாம் தெரியும் இல்லையா?" என்றாள் பிரசாந்தி. "ஆஷிஷ்கிட்ட சொன்னாராம், கணக்கு சரியாத்தான் இருக்குன்னு."

கல்யாணி திரையையே பார்த்தாள். மூன்று பேருடைய மூச்சு. இரண்டு சீட். அவளுக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை. அழுகை வெடித்துக்கொண்டு வந்தது, அப்படியே மகள் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். மதன்குமார் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அழுது முடித்ததும் முந்தானை இல்லாத சீருடையின் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "கௌசிகா, நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதப்பா. கிளம்பி வா. உங்கண்ணன்..." மகளைப் பார்த்தாள். "ஸ்ருதி கலத்தை ஓட்டப் போறா. நீயும் இரு."

கௌசிகன் பாபகூராவிலிருந்து வந்து சேரும் வரை காத்திருந்தார்கள். அவன் வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் கதவோரம் நின்றான். ஸ்ருதி நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் இரண்டு சின்ன உருவங்கள், கல்யாணி, ஸ்ருதி என்று பேர் போட்ட உருவங்கள், குட்டிக் கலத்துக்குள் போயின. அவள் விரல் விசையின் மேல் நின்றது. அம்மாவைப் பார்த்தாள். கல்யாணி தலையை ஆட்டினாள்.

குட்டிக் கலம் கழன்றது. சத்தமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக அகன்றது.

அப்போது அரவிந்த் பேசினான். கோத்த சொற்கள் இல்லை, எண்கள் இல்லை. ஒரே மூச்சில் பேசிப் பதிந்து, இந்த ஒரு தருணத்துக்கென்று ஒளித்து வைத்திருந்த பேச்சு. இதுவரை யாரும் கேட்காதது.

"கல்யாணி, ஸ்ருதிக்குட்டி, பாத்துப் போங்க. எனக்குக் காத்து நிறைய இருக்கு. அவசரம் ஒண்ணும் இல்ல."

கௌசிகன் குலுங்கிக் குலுங்கி அழுதான். மதன்குமாருக்குத் திரை மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், அப்புறமும் மங்கலாகத்தான் இருந்தது. பிரசாந்தி பையில் கைவிட்டாள், பொட்டுக்கடலை தீர்ந்துபோயிருந்தது.

பூமி ஒரு பொட்டாகத் தெரிந்தது. போய்ச் சேர நாளாகும். ஸ்ருதியின் கை பழக்கத்தில் அந்த அம்புக்குறிப் பக்கம் போனது.

கல்யாணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா," என்றாள். "மெதுவாவே போவோம்."